அன்னக்கொடியும் ஆரஞ்சு உமியும்

கதவைத் திறக்குமுன் அன்னக்கொடி மூன்று தட்டுத் தட்டுவாள். உள்ளே இருப்பவை நாற்பத்தெட்டு கினிப்பன்றிகள். எழுந்து வந்து யாரும் தாழ் நீக்கப்போவதில்லை. "திடுதிப்புனு நுழைஞ்சா மெரளும்லங்க. மெரண்டா எடை கொறையும். எடை கொறைஞ்சா டாக்டரம்மா மருந்தைச் சந்தேகப்படுவாங்க" என்பாள். முகமூடி, அங்கி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டியபின் அவளில் வெளியே தெரிவது கண்கள் மட்டும். அதிலும் பாதி நேரம் விஷமம்தான்.

கொடைக்கானலுக்கு மேலே, மரங்களுக்குள் ஒதுங்கி நிற்கும் காசநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் விலங்கு அறைப் பணியாளர். கவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். கூண்டு கழுவுவது, அதில் பரப்பிய உமியை மாற்றுவது, எடை போடுவது அவள் பொறுப்பு. விலங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டுமே என்பது அங்கே விதி. அவள் பெயர் வைக்கவில்லை, முறை வைத்துவிட்டாள். ஒன்பதாம் எண் சின்ன மாமியார். முப்பத்தொன்று கொழுந்தன்.

கினிப்பன்றிகள் அத்தனைக்கும் காசநோய்க் கிருமி கொடுத்தாயிற்று. மூன்று வரிசைகளில் ஒன்றுக்குப் பழைய நான்கு மருந்துக் கூட்டு, ஒன்றுக்குப் புதிய மூன்று மருந்துக் கூட்டு, ஒன்றுக்கு வெறும் சர்க்கரைப் பாகு. எது எதற்கு என்பது ஆய்வை நடத்தும் டாக்டர் சுபஸ்ரீக்கு மட்டும்தான் தெரியும். மருந்து ஊட்டும் வேல்ராஜுக்கோ அன்னக்கொடிக்கோ தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும் என்று, மூன்றிலும் ஒரே சிவப்புச் சாயம் கலந்து பழுப்புப் பாட்டிலில் அடைத்து, ஏ, பி, சி என்று சீட்டு ஒட்டிக் கொடுப்பார். யூகித்தாலும் வாய் திறக்கமாட்டோம் என்று இருவரிடமும் கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்.

உள்ளே போவதை மறைத்த டாக்டர், வெளியே வருவதை மறந்துவிட்டார். இரண்டாம் நாளே பி வரிசையின் உமி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நனைந்திருந்ததை அன்னக்கொடி பார்த்தாள். அவளுக்கு அது பழகிய நிறம்.

எட்டு வருடங்களுக்கு முன் அவள் கணவன் வேலப்பனுக்குக் காசநோய். அவன் தின்றதும் இதே பழைய கூட்டுதான்; அதிலுள்ள மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சாக்கிவிடும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், வேலப்பன் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி கேரட் பாத்தியில் துப்ப ஆரம்பித்தான். அவள் வெள்ளனே எழுந்து, அவன் பின்னாலேயே வேலியோரம் போய் நிறம் பார்ப்பாள். "நெறம் மாறினா அன்னைக்குச் சோறு கெடையாதுன்னுட்டேன்." வேலப்பன் ஆறு மாதமும் ஒழுங்காக முடித்தான். இன்று ஒட்டன்சத்திரம் லாரிக்குத் தனியாளாக மூட்டை ஏற்றுகிறான்.

ஆறாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. பி வரிசை உமி வெளுத்துக் கிடந்தது. வாரத்துக்கு வாரம் எடை இறங்கிக்கொண்டிருந்த சி வரிசையின் உமி ஆரஞ்சாக இருந்தது. முந்தைய நாள்தான் புதுப் பாட்டில்கள் வந்திருந்தன. வேல்ராஜைக் கேட்டாள். சீட்டைப் பார்த்துத்தான் ஊட்டினேன் என்று அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். அப்படியென்றால் சீட்டே மாறியிருக்கிறது, ஒட்டியவர் டாக்டர். இப்படியே விட்டால் இதுவரை மருந்து கிடைத்தவை நோயில் விழும், கிடைக்காதவை தேறும், மொத்த ஆய்வும் பொய்யாகும். சொன்னாலோ விதியை மீறியவள் ஆவாள்; வேலையே போகலாம்.

அன்னக்கொடி இரண்டு வெள்ளைக் காகிதங்களை எடுத்தாள். ஒன்றை பி உமியிலும் மற்றதை சி உமியிலும் அழுத்தி, எழுத்தைப் போட்டு, டாக்டர் பார்வையிட வரும் கண்ணாடி ஜன்னலில் உட்புறமாக ஏந்திக்கொண்டு நின்றாள்.

ஒலிபெருக்கியில் சுபஸ்ரீ கேட்டார்: "என்னக்கா இது?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலைங்க டாக்டரம்மா. சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். காயிதத்தைத்தான் காட்டுறேன்."

டாக்டர் காகிதங்களைப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது. தன் அறைக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, இந்தப் பாட்டில்களிலிருந்து இனி ஒரு சொட்டும் ஊட்ட வேண்டாம், சீட்டை மாற்றி ஒட்டியது நான்தான் என்றார். பதிவேட்டிலும் அதை அப்படியே எழுதினார். பிறகு, இந்த நிற விவகாரம் எப்போதிலிருந்து தெரியும் என்று விசாரித்தார்.

"ரெண்டாம் நாளே தெரியுங்க. நீங்கதான் கேக்கவே இல்லையே."

சுபஸ்ரீ சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் நின்றார். நிறம் தெரிந்தவள் எடை போடக் கூடாது என்று, அன்றிலிருந்து அன்னக்கொடி கினிப்பன்றிகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றித் தர, உமியைப் பார்க்காத வேல்ராஜ் எடை போட்டான். "ஒரு சோலி கொறைஞ்சது" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதம் ஆய்வு முடிந்தது. முடிவு என்றால், கினிப்பன்றிகளை மயக்கி, உயிர் போக்கி, நுரையீரலை அறுத்துப் பார்ப்பது. சுபஸ்ரீ அவளைக் கூப்பிட்டு மேசையில் படங்களைப் பரப்பினார். பழைய கூட்டு நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. புதியது அதைவிடச் சுத்தம். அன்னக்கொடி வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டாள். கடைசிப் படம் சி வரிசை, வெறும் சர்க்கரைப் பாகு குடித்தவை. நொய்யரிசி இறைத்தாற்போல் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

அவள் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த லோடு எப்போது வருகிறது, கூண்டைக் கழுவி வைக்க வேண்டுமே என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே, அதன் முதுகை ஒரு விரலால் மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.