ஊசித் தூக்கமும் ஒரு மூடி ஜம்ஜமும்

என் கணவர் குளியலறை வாசலில் விழுந்த அன்று, ஒரு வாரமாக எங்கள் வீட்டில் விருந்து ஓயவில்லை. கொழுந்தன் உம்ரா முடித்துத் திரும்பியிருந்தான். பெரியபட்டினத்தில் ஒருவர் உம்ரா போய் வந்தால் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பழகியவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் பார்க்க வருவார்கள். வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் சின்ன கிளாஸில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அதோடு அனுப்பிவிட முடியுமா? சோறும் ஆக்க வேண்டும். ஆக்கியது யார்? நான்தான். கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து மக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான், நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அந்த நன்மையில் எனக்கும் பங்கு உண்டு என்று மாமி சொல்வார். மாமி என்றால் என் கணவரின் உம்மா. பங்கு கிடைக்கட்டும், முதலில் இடுப்பு வலி போகட்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அன்று என் கணவர் காலைப் பசியாறி எழுந்தவர்தான். கை கழுவப் போனவர் அப்படியே சரிந்தார். கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயில் நுரை வந்தது. மாமி ஓடிவந்து சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். வலிப்பு சாவிக்கெல்லாம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பின்சீட்டில் அவர் தலை என் மடியில், கால் மாமி மடியில். ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரு முறை நின்றது, அப்பாடா என்று மூச்சு விட்டேன், மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சை பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"தவ்பா, தவ்பா! அஞ்சு வேளை தொழுகுற புள்ளயப் பாத்து என்ன கேள்வி இது?" என்று மாமி பொங்கிவிட்டார்.

"தூக்க மாத்திரை எதுவும் போடுவாரா?"

"அதெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் பழக்கமில்ல."

எனக்குத் தெரியும். துபாயில் பல வருடம் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர் அவர். இங்கே ராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடப்பார். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், மாமிக்குத் தெரியாமல். முந்தின இரவு விருந்தாளிகள் போனபிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டதை நான் பார்த்தேன். கேட்கத் தெம்பில்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"போடுவாரு டாக்டர். நேத்தும் போட்டாரு" என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"நல்ல வேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். "இது மிடாசோலம். வலிப்ப நிறுத்தும், ஆனா மூச்சையும் மந்தமாக்கும். ஏற்கெனவே உள்ள மாத்திரை கிடந்தா ரெண்டும் சேந்து மூச்சையே நிறுத்திரலாம். அதுக்காகப் போடாமயும் இருக்க முடியாது, வலிப்பு நிக்கலன்னா மூளை கெட்டுரும்." அவசரம்தான், ஆனாலும் மருந்தை ஒரே அழுத்தாக அழுத்தாமல், கண்ணை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார். மூச்சு நின்றால் அழுத்திக் காற்றுக் கொடுக்கிற பையைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்.

வலிப்பு நின்றது. கை கால் துவண்டன. அவரை நர்ஸ் மேசைக்கு எதிர்க் கட்டிலில், ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், விரலில் கிளிப்.

"இனி உங்க வேலை இதுதான்" என்றார் டாக்டர் என்னிடம். "நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருப்போம், நீங்களும் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாருங்க. மூச்சு ரொம்ப மெதுவானா, ஒதடு நீலமானா, உடனே சத்தம் போடுங்க. மல்லாக்கப் படுக்க விடாதீங்க. அவரா முழிச்சு எந்திரிச்சு உக்காந்து ஒழுங்காப் பேசுற வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. முழுங்கத் தெரியாது இப்ப, நேரா நுரையீரலுக்குள்ள போயிரும்."

நான் பார்த்தேன். அந்த நெஞ்சையே பார்த்தேன். ஏறியது, இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. என் கண் செருகும், தலை தொங்கும், திடுக்கென்று விழித்து மறுபடி பார்ப்பேன். அவர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. படுத்த மனிதர் எப்படிக் குறட்டை விடுகிறார் பார், எனக்கு ஒரு ஊசி போட்டு யாராவது ஓரமாகப் படுக்க வைத்தால் என்ன என்று தோன்றியது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மதியம் லுஹர் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து வேன் வந்துவிட்டது. கொழுந்தன், அவன் மனைவி, இன்னும் உறவுக்காரப் பெண்கள். வார்டுக்காரர் தடுத்ததை எல்லாம் அவர்கள் சட்டை செய்யவில்லை. கொழுந்தன் கையில் ஜம்ஜம் பாட்டில்.

நுழைந்தவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? வாய் பிளந்து, கண் பாதி செருகி, தொண்டையில் கொரகொரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கூப்பிட்டாலும் அசையாத ஒரு மனிதன். ஒரு பெண் "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்தினார். அவ்வளவுதான், மளமளவென்று அழுகை. யாரோ, உயிர் பிரிகிறவர்களுக்கு ஓதுகிற யாசினை ஓத ஆரம்பித்தார்கள். கொழுந்தன் குனிந்து அண்ணன் காதில் கலிமா சொன்னான்.

"மதினி, இது கடைசி மூச்சு மாதிரி இருக்கு. போறதுக்கு முன்னால ஜம்ஜம் தண்ணியக் குடுக்கணும்" என்றான்.

"தூங்குறாரு. ஊசி போட்டிருக்கு."

"தூங்குற ஆளு இப்பிடியா கெடப்பாங்க?"

அதற்குள் மாமி பாட்டிலைத் திறந்து, மூடி நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு கையால் மாஸ்க்கைத் தூக்கிவிட்டார். நர்ஸ் மேசையைப் பார்த்தேன், காலி. விபத்தில் அடிபட்ட ஒருவரைப் பார்க்க சிஸ்டர் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். நான் எழுந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன். சும்மா பிடிக்கவில்லை, வளையல் அழுந்தும்படி பிடித்தேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் மருமகள் மாமியார் கையைப் பிடித்து நிற்கிறாள்.

"கைய விடு, புள்ள."

"வேணாம், மாமி."

"ஒங்க மாமா சவூதில, தம்மாம்ல கெடந்து மவுத்தானாங்க. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த நாதியில்லாமப் போனாங்க. எம்புள்ளயும் வறண்ட தொண்டையோட போகணுமா? ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா?"

மாமா செத்தபோது மாமி ஊருக்கு வந்த பெட்டியைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால்? இவர் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தால்? கடைசித் தண்ணீரைத் தட்டிவிட்டவள் என்ற பெயர் என்னோடு கபுருக் குழிக்குள்ளும் வரும். அப்படியும் நான் கையை விடவில்லை. பிடிவாதமா பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அவரு போகல மாமி. இப்ப நீங்க ஊத்துனா போயிருவாரு" என்றேன்.

அந்த நேரத்தில் அவருக்குக் குமட்டல் வந்தது. காலையில் தின்ற இடியாப்பமும் கறி ஆணமும் வாய் வழியாகக் கொட்டியது. "சிஸ்டர்!" என்று நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. மூடித் தண்ணீர் மெத்தையில் சிந்தியது. ஓடிவந்த சிஸ்டர் அவரை இன்னும் நன்றாகச் சாய்த்து, குழாய் விட்டு வாயை உறிஞ்சித் துடைத்து, மாஸ்க்கைத் திரும்ப மாட்டினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இந்த வாந்தியே நெஞ்சுக்குள்ள போகாமத் தப்புனது பெரிசு. இதுல நீங்க தண்ணி வேற ஊத்தப் பாக்குறீங்க! எல்லாரும் வெளிய போங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் முனகி, கையை உதறி, மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். வாசலில் நின்ற கொழுந்தன், "சிஸ்டர், அண்ணன் ரொம்பப் படுத்துறாங்க, இன்னொரு ஊசி போட்ருங்க" என்றான்.

"ஊசி என்ன முறுக்கா, கேட்டதும் எடுத்துக் குடுக்க? மருந்து தெளியுது. தெளிய விடுங்க."

வெயில் இறங்கும் நேரத்தில் கண்ணைத் திறந்தார். டாக்டர் பெயர் கேட்டார், சொன்னார். ஊர் கேட்டார், சொன்னார். எழுப்பி உட்கார வைத்ததும் சுற்றிப் பார்த்தார். வாசலில் வேன் கொள்ளாத கூட்டம், அழுது வீங்கிய முகங்கள்.

"எல்லாரும் எதுக்கு வந்திருக்காங்க?" என்றார் என்னிடம். "யாரு மவுத்து?"

நான் சிரித்தேன், அப்படியே அழுதேன். சிஸ்டர் தலையாட்டிய பிறகு, பாட்டிலை வாங்கி மூடியில் ஊற்றி மாமி கையில் கொடுத்தேன். மாமி மகனுக்குக் கொடுத்தார். அவர் இருமாமல் விழுங்கினார். மாமி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், அவ்வளவுதான். எனக்கும் சமாதானம் பேசத் தெம்பில்லை.

இப்போது அவர் வலிப்பு மாத்திரை தவறாமல் போடுகிறார். மெடிக்கல் மாத்திரை பக்கம் போவதில்லை. டாக்டர் பைக் ஓட்டக் கூடாது என்றதில்தான் என் மேல் கோபம், நானா சொன்னேன்?

போன வாரம் மதியம் மாமி என்னை அறைக்குள் கூப்பிட்டார். பீரோவைத் திறந்தார். கொழுந்தன் மக்காவிலிருந்து அவருக்காக வாங்கிவந்த கபன் துணி, மவுத்தானால் உடம்பில் சுற்றுகிற வெள்ளைத் துணி, மடித்து இருந்தது. அதன் மேல் அந்த ஜம்ஜம் பாட்டில், பாதி மிச்சத்தோடு.

"இது எனக்கு. நீதான் ஊத்தணும், வேற யாரும் ஊத்தக் கூடாது" என்றார்.

"சரி மாமி."

பீரோவைப் பூட்டினார். சாவியை என் கையில் வைத்தார்.

"ஊத்துறதுக்கு முன்னால, இது மவுத்தா ஊசியான்னு சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."