வெள்ளைத் துணிக்குள் ஒரு சிரிப்பு

அன்ரனெற்றுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த முதல் வேடம் பிணம். ரொறன்ரோவில் படமாக்கப்பட்ட ஒரு மருத்துவமனை நகைச்சுவைத் தொடர் அது. வெள்ளைத் துணிக்குள் அசையாமல் கிடக்கவேண்டும்.

"பிணமாய்க் கிடக்கவோ உன்னை யூனிவேர்சிற்றிக்கு அனுப்பினனாங்கள்?" நகரின் ரெக்ஸ்டேல் பகுதியிலிருந்த வீட்டில் தாய் யூஜினி கேட்டார்.

"நல்லாக் கிடந்தால் திரும்பக் கூப்பிடுவினம் அம்மா."

கூப்பிட்டார்கள். துணியைத் துளைத்து வெளிச்சம் பாலாக இறங்கும். நடிகர்களின் குரல்கள் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல மிதந்து வரும். அந்த அரைமயக்கத்தில் அவள் வசனங்களை மாற்றிப் பார்ப்பாள். டொக்டரின் பேச்சை நேர்சிடம் கொடுப்பாள். மெல்ல மெல்லத் துணிக்குள் அவளுக்கென்று இன்னொரு மருத்துவமனையே எழும்பிவிட்டது. எது வெளியே நடக்கிறது, எது தனக்குள் என்பது சிலவேளை அவளுக்கே தெரியாது.

ஒருநாள் டொக்டராக நடித்தவர் குனிந்து, "இவர் எப்போது இறந்தார்?" என்று கேட்டார். நேர்ஸ் நீளமாக ஏதோ சொன்னாள். அன்ரனெற்றின் மருத்துவமனையிலோ நேர்ஸ், "உங்களுக்காகக் காத்திருந்தபோது" என்றாள்.

பிணம் குலுங்கிச் சிரித்தது.

இயக்குநர் கோபத்தோடு துணியை விலக்கினார். கண்கள் கூச, அவள் காரணத்தைச் சொன்னாள். அதைக் கேட்டு விளக்குப் பிடித்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த வசனமே ஒளிபரப்பானது. தொடரின் அடுத்த பருவத்தில் அவளும் ஓர் எழுத்தாளராக மற்ற எழுத்தாளர்களோடு மேசையைச் சுற்றி இருந்தாள்.

பல வருடங்கள் மற்றவர்களுக்கு எழுதினாள். கடைசியில் தனக்கென்று ஒரு தொடர் கிடைத்தது: பஸ் ஓட்டும் பெண்ணின் கதை. எழுத்தும் அவள், நடிப்பும் அவள். அதற்காகப் பஸ் ஓட்டவே பழகினாள்.

ரெக்ஸ்டேலில் முதல்நாள் படப்பிடிப்பு. பனி வீடுகளைப் பார்வையிலிருந்து அழித்துக்கொண்டிருந்தது. பஸ் மேகத்துக்குள் நிற்பதுபோல இருந்தது. கதவு திறந்திருக்க, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் ஏறினார். நடிகை அல்ல.

"பிள்ளை, உது ஸ்டேசனுக்குப் போகுமோ?"

பின் இருக்கையில் கமெராக்காரர் திகைத்தார். அன்ரனெற் கண்ணாடியில் அவரைப் பார்த்து, நிறுத்தவேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஓம் அன்ரி, இருங்கோ."

வெள்ளைக்குள் பஸ் மெதுவாக நகர்ந்தது. அன்ரி மருமகனின் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்ரனெற் விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதிய வசனம் ஒன்றுகூடப் பேசப்படவில்லை.

ஸ்டேசனில் அவர் இறங்கும்போதுதான் இது படப்பிடிப்பு என்ற உண்மையைச் சொல்லி, ஒளிபரப்பச் சம்மதம் கேட்டார்கள்.

"போடுங்கோ," என்றார் அன்ரி. "என்ர தொப்பி வடிவாய் இருந்ததோ, அதைச் சொல்லுங்கோ."