படம் எழுதி முடியட்டும்

தேனாம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் மின்சார வேலைக்காகப் பகலிலேயே எல்லாக் கணினிகளையும் அணைக்க வேண்டியிருந்தது. அவற்றை அணைக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். ஒல்லியாக இருந்தாள், ஹெல்மெட்டில் கலைந்த தலைமுடி. ஒவ்வொரு கணினியின் முன்னும் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கீபோர்டைத் தொட்டாள்.

மற்றவை அணைந்துவிட்டன. படங்களைச் சேமிக்கும் பெரிய கணினி மட்டும் 'டிஸ்க் பிஸி' என்று அடம்பிடித்தது.

"பட்டனை அழுத்திப் பிடிம்மா, அணைஞ்சிடும். எலக்ட்ரீஷியன் நிக்கிறார்" என்றார் மேனேஜர்.

"அணைஞ்சிடும் சார். ஆனா டிஸ்க்கை ஏதோ ஒண்ணு பிடிச்சிக்கினு கீது. இன்னான்னு பாக்காம அணைக்க மாட்டேன்."

ஒரு கட்டளையைத் தட்டினாள். டிஸ்க்கைப் பிடித்திருந்தது எது என்று திரையில் வந்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த மீன்கார அம்மாவுக்குச் சற்றுமுன் எடுத்த ஸ்கேன், இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

"இப்போ அணைச்சா பாதிப் படம் போயிடும் சார். அவங்களுக்கு மறுபடியும் மருந்து ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கணும்."

மேனேஜர் எலக்ட்ரீஷியனைக் காத்திருக்கச் சொன்னார். படம் முழுதாக எழுதி முடிந்ததும் கணினி அமைதியாக அணைந்தது.

வெளியே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னா, டாக்டராம்மா?"

"இல்லக்கா. நான் கம்ப்யூட்டர் பாக்குறவ" என்றாள் அவள், தலை நிமிர்ந்து.

யாராவது என் வேலையைக் கேட்டால் அதுவரை "சும்மா, ரிசப்ஷன்தான்" என்பேன். அன்றிலிருந்து அந்தச் 'சும்மா' என் வாயில் வரவில்லை.