நடு நட்சத்திரம்

மகள் பள்ளிக்காகச் செய்த அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியே பார்த்தேன். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் வரிசையாகத் தொங்கின. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் இருந்தது வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

"நெசத்துலயும் இப்படித்தாம்மா. பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும், அவ்வளவுதான்," என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. சிறுவயதில், அக்காவைப் படிக்க தைப்பிங் நகரிலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிய மாலை, நான் அழுதபோது, எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு மேலே அந்த மூன்றையும்தான் அப்பா காட்டினார்.

"நடுவுல அக்கா, ரெண்டு பக்கமும் நீயும் தம்பியும். அக்காவும் அங்கேருந்து இதையேதான் பாத்துக்கிட்டிருப்பா லா."

கொசுக்கடியோடு, ரப்பர்ப்பால் நாற்றத்தோடு, தினமும் வாசலில் நின்று பார்த்தேன். விடுமுறைக்கு வந்த அக்காவிடம், "நீயும் பாத்தியாக்கா?" என்றேன்.

"எங்கடி பாக்கறது? அங்க பொழுது சாஞ்சா மழை லா."

அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அன்று இரவு வானம் தெளிவாக இருந்தது. அந்த மூன்றையும் பார்க்க அக்கா கூப்பிட்டும் நான் வெளியே போகவில்லை.