சாம்பார் அண்டா ஏறிய காடி

என் காடிக்கு, அதாவது காருக்கு, ஊரில் நிகரில்லை என்று நினைத்திருந்தேன். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாட்டி, இன்ஜினுக்குள் காற்று போகும் வழிகளையும் குடைந்து அகலமாக்கியிருந்தேன். எங்கள் கூலாய் ஊர் நெடுஞ்சாலையில் சும்மா பறக்கும்.

ஒரு ஞாயிறு, கோயில் அன்னதானத்துக்கு என் மனைவி மல்லிகா வைத்த சாம்பாரை அண்டாவோடு பின்சீட்டில் ஏற்றினோம். தெப்ரா சாலையில் வண்டிகள் நெருக்கியடித்து ஒரே ஜாம். ஊர்ந்து போகையில் அகன்ற வழியில் காற்று மந்தமாக வர, இன்ஜெக்டர்களோ பெட்ரோலைக் கொட்டின. கார் இருமியது, குதித்தது, நின்றது. ஒவ்வொரு குதிப்புக்கும் சாம்பார் மூடியைத் தாண்டி வழிந்தது.

“அலமாக்! கோயிலுக்கு வெறும் அண்டாதான் போய்ச் சேரும். இறங்குங்க, நான் ஓட்டுறேன்” என்றாள் மல்லிகா.

“உனக்கு இந்தக் காடி பழக்கமில்ல லா.”

“நீங்க பின்னால போயி அண்டாவப் புடிங்க.”

முன்னால் நல்ல இடைவெளி விட்டாள். இன்ஜின் உறுமலை ஒரே அளவில் வைத்து, கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். ஹார்ன் அடித்தவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி அவள் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் நண்பர்கள் வழக்கம்போல பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். சாம்பார் மணக்கும் சட்டையோடு, “இன்ஜின்ல ஒண்ணும் இல்ல லா, ஓட்டுனவங்களப் பாருங்க” என்றேன்.

மறுவாரமே பழைய இன்ஜெக்டர்களை மாட்டிவிட்டேன். குடைந்தெடுத்த உலோகத்தை மட்டும் திரும்ப வைக்க முடியாது. அதனால் ஜாமில் கார் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அப்போதெல்லாம் மல்லிகா சொல்லும் முன்பே இறங்கி, இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறேன்.