தறிச் சத்தம் பிடித்தவன்

அமெரிக்காவில், ரவுண்ட் ராக்கில் மகளை ஸ்கூலில் விடப் போகும்போது காரில் அவள்தான் பாட்டுப் போடுவாள். இன்று, "மா, லண்டன் அங்கிளோட புது ட்ராக்" என்றாள். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரை அதிரவைத்த விசைத்தறிதான் அதில் தாளம்.

லண்டனில் பிறந்த பெரியம்மா பையன் முரளி, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நாள் முழுக்கத் தறிப்பட்டறையில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பான். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. என்னைப் பட்டறைக்குள்ளேயே விடாத அப்பா, அவனுக்காகத் தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலில் நின்று கத்தினேன்: "வாங்கடி, லண்டன் லூசு தறிச் சத்தத்தப் புடிக்குது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. இன்று அவன் இசைக்கு மைதானம் நிறைய வெள்ளைக்காரர்கள் ஆடுகிறார்கள்.

காரில் தறி சட்டென்று நின்றது. ஒரு சிறுமியின் குரல் வந்தது: "லண்டன் லூசு." பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு. மறுபடி தறி, மறுபடி அந்தக் குரல்.

"ஹூ இஸ் தட் கேர்ள், மா? ஷீ சவுண்ட்ஸ் ஸோ மீன்."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தெரியல கண்ணு. யாரோ தெருப் புள்ள."