ஒற்றைக் கால் ஷூவுக்கு ஒரு ஜோடி

என் சிறுவயதில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்திருந்தாலும், மூன்றாம் வகுப்போடு நின்றவளைக் கிட்டே விட்டிருக்க மாட்டார்கள். அதனால் என் மகளின் சிறுவயதைத்தான் சொல்லப் போகிறேன். பெருமையாகவே சொல்வேன். பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஆம்பூர் பஜாரில் என் தம்பி பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். எட்டாவது படித்த மகள் பள்ளி விட்டதும் நேரே மாமா கடைக்குப் போய்விடுவாள். வெப்சைட்டுக்கு உதவும் சின்னச் சின்ன கோடிங் துண்டுகளைச் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். எழுத்தை ஓட வைக்க ஒன்று, கடிகாரம் காட்ட ஒன்று, போன் நம்பரில் ஓர் எண் குறைந்தால் அதட்ட ஒன்று. எல்லாவற்றையும் பிளாப்பியில் போட்டு அடைத்து வைத்திருந்தாள்.

“எதுக்குடி இவ்ளோ?” என்று கேட்டால், “நீ மட்டும் இன்னாத்துக்கு ஷூவுக்கு வெட்டுன மிச்சத் தோலையெல்லாம் பையில சேக்கற? என்னிக்காவது ஆவும்னுதான?” என்பாள். வாய் ஜாஸ்தி.

ஆகும் நாளும் வந்தது. நான் வேலை செய்த ஷூ கம்பெனி வெப்சைட் ஒன்று கேட்டது. தம்பி “ஆவட்டும் சார்” என்று தலையாட்டிவிட்டு, வேலையை அக்கா மகளிடம் தள்ளிவிட்டான். கம்பெனி கொடுத்த போட்டோவில் இருந்தது ஒரே ஒரு ஷூ, நான் தைத்த சாம்பிள். சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான் தைப்போம். ஜோடியாக இருந்தால் யாராவது மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள், மாடல் வேறு கம்பெனிக்குப் போய்விடும். இரண்டாவது கால் தைத்தால் அன்றோடு வேலை போய்விடும்.

வெப்சைட்டைப் பார்க்க மேனேஜர் என் தம்பி கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூட்டிவர ஆள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், திரையில் ஷூ ஜோடியாக நிற்கிறது.

“ஒத்தக் காலுதான தெக்கச் சொன்னேன்? ரைட் காலு எப்பிடி வந்துச்சி? எந்தக் கம்பெனிக்குத் தெச்சிக் குடுத்தம்மா?”

“கர்த்தர் மேல சத்தியமா, லெப்ட் காலு மட்டும்தான் சார் தெச்சேன்!”

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வலது காலில் இருந்ததும் என் தையலேதான். என் கையை நானே சந்தேகப்பட்டேன். தம்பியோ, சுத்தமாக இருந்த கீபோர்டை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மகள்தான் முன்னால் வந்தாள். “சார், அத யாரும் தெக்கல. ஒத்தையா நின்னுச்சி, பாவமா இருந்துச்சி. படத்தக் கண்ணாடி மாதிரி திருப்பற கோடிங் எங்கிட்ட இருந்துச்சி. போட்டேன்.”

சொல்லிக்கொண்டே ஒரு வரியை அழித்தாள். வலது கால் புரண்டு இடது காலாயிற்று. இப்போது இரண்டு இடது கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மேனேஜர் திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நம்ம கம்பெனி சூப்பர்வைசர் டான்ஸ் ஆடினா ரெண்டு காலும் இப்பிடித்தான் ஒரே பக்கமாப் போவும்! அந்த வரியத் திரும்பப் போடு பாப்பா, ஜோடியாவே இருக்கட்டும். இத எவன் மாட்டிக்கினு போவப் போறான்?”

வீட்டுக்கு நடக்கையில் என் கண் நிறைந்துவிட்டது. நான் அரை நாள் குனிந்து தைப்பதை என் மகள் ஒரே வரியில் நிற்க வைத்துவிட்டாளே!

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அழுவாதம்மா. இன்னொரு தபா உன் ஷூவத் தொட மாட்டேன்.”

பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.